50-ம் 50-ம் சேர்ந்து 97 ஆனா, அதுக்கு கூழாங்கல் கதை மட்டும் போதாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட மாணவர் பக்கத்துல போன வாரம் ஒரு பொண்ணு கேட்டிருந்த கேள்வியும் அதுக்கு வந்திருந்த பதிலும் படிச்சேன். 50 மில்லி தண்ணியும் 50 மில்லி எத்தனாலும் (ஆல்கஹால்ல ஒரு வகை) சேர்த்தா ஏன் 100 மில்லி வரல, சுமார் 97 தான் வருது, மீதி எங்க போச்சுன்னு கேட்டிருந்தா. அருமையான கேள்வி. பதில்ல தான் எனக்கு சண்டை. ஒரு பாத்திரம் நிறைய கூழாங்கல் இருக்கு, அதுல மணல கொட்டுனா இடுக்குல போய் உட்கார்ந்துக்கும், அதே மாதிரி பெரிய ஆல்கஹால் மாலிக்யூலுக்கு (மூலக்கூறுக்கு) நடுவுல சின்ன தண்ணி மாலிக்யூல் போய் உட்கார்ந்துக்குது, அவ்வளவு தான்னு நாலு வரியில முடிச்சிட்டீங்க.

இந்த கதை உங்க பேப்பர் மட்டும் சொல்றது இல்ல, பல வருஷமா எல்லாரும் சொல்றது தான். அதுலயும் ஒரு வேடிக்கை, சில இடத்துல ஆல்கஹால் தான் கூழாங்கல், தண்ணி மணல். வேற சில இடத்துல தண்ணியோட வலைக்குள்ள இருக்கற ஓட்டையில ஆல்கஹால் போய் உட்காருதுன்னு தலைகீழா சொல்லுவாங்க. யார் கல்லு யார் மணல்னே முடிவாகாத ஒரு கதைய வச்சு குழந்தைங்களுக்கு கெமிஸ்ட்ரி சொல்லித்தரோம். நான் மருந்து கம்பெனி லேப்ல தர பரிசோதனை வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், தண்ணியும் ஆர்கானிக் சால்வென்ட்டும் (ஆல்கஹால் மாதிரி கார்பன் உள்ள கரைப்பான்) கலக்கறது எனக்கு தினசரி பொழப்பா இருந்தது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், இடம் பத்தலைன்னா வெட்டிக்கோங்க, ஆனா நியூட்ரான் பத்தி எழுதற இடத்த மட்டும் தயவு செஞ்சு விட்டுடுங்க.

முதல்ல சூடு. தண்ணியையும் எத்தனாலையும் ஒரே டெம்பரேச்சர்ல வச்சிருந்து, சூடு வெளிய போகாத பிளாஸ்க்ல சமமா ஊத்தி கலந்து தெர்மாமீட்டர வச்சா அஞ்சு டிகிரிக்கு மேலயே ஏறும். மணல் கல்லு இடுக்குல விழுந்தா பாத்திரம் சூடாகுமா? ஆகாது. அப்போ அங்க வெறும் இடம் பிடிக்கற வேலை மட்டும் நடக்கல, ஏதோ பிணைப்பு மாறுது, பழசு உடையுது புதுசு உண்டாகுது, மொத்த கணக்குல எனர்ஜி மிச்சமாகி வெளிய வருது.

ரெண்டாவது, எல்லா கலவையும் சுருங்கறது இல்ல. பென்சீனையும் சைக்ளோஹெக்சேனையும் கலந்தா அளவு கொஞ்சம் கூடும். எத்தனாலையும் ஹெக்சேனையும் கலந்தாலும் அப்படித்தான், கூடும். இங்கயும் சின்ன மாலிக்யூல் பெரிய மாலிக்யூல் இருக்கு தானே, இடுக்கும் இருக்கும் தானே, அப்புறம் ஏன் உப்புது? கூழாங்கல் கதையால இதுக்கு பதில் சொல்ல முடியாது.

மூணாவது தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ஒரு மோல் (மாலிக்யூல்கள எண்றதுக்கு கெமிஸ்ட்ரியில வச்சிருக்கற ஒரு அளவு) எத்தனால் தனியா இருந்தா 25 டிகிரியில சுமார் 58.7 மில்லி இடம் பிடிக்கும். அதையே ஒரு பெரிய தொட்டி தண்ணியில விட்டா தண்ணி மட்டம் சுமார் 55 மில்லிக்கு தான் ஏறும். சரி, இடுக்குல போச்சுன்னே வச்சுக்குவோம். அப்படின்னா தொட்டியில எத்தனால் ஏற ஏற இடுக்கு எல்லாம் நிரம்பி, அடுத்தடுத்து ஊத்தறதுக்கு இடம் கூட கூட தானே வேணும்? ஆனா நடக்கறது என்னன்னா, ஆரம்பத்துல கொஞ்ச தூரத்துக்கு அந்த 55 இன்னும் குறையுது, அப்புறம் தான் திரும்பி 58.7 பக்கம் ஏறுது. அதாவது தண்ணியில ஏற்கனவே கொஞ்சம் ஆல்கஹால் இருந்தா, அடுத்து வர்ற ஆல்கஹாலுக்கு இன்னும் கம்மி இடமே போதும்ங்குது. எதிர் பக்கமா பார்த்தா, ஒரு மோல் தண்ணி தனியா 18 மில்லி, சுத்த எத்தனால்ல போட்டா சுமார் 14 மில்லி தான் எடுத்துக்கும். நாலு மில்லி சும்மா போகல, தண்ணி தனக்குன்னு கட்டி வச்சிருந்த விசாலமான அமைப்பு அங்க இல்லாம போனதுனால போச்சு.

அந்த விசாலமான அமைப்புன்னா என்ன, அங்க தான் ஹைட்ரஜன் பாண்ட் வருது. தண்ணி மாலிக்யூல்ல ஆக்ஸிஜன் எலக்ட்ரான தன் பக்கம் இழுத்து வச்சிருக்கறதால ஹைட்ரஜன் கொஞ்சம் பாசிட்டிவா நிக்குது, பக்கத்து மாலிக்யூலோட ஆக்ஸிஜன்ல சும்மா இருக்கற எலக்ட்ரான் ஜோடிய அது நாடுது. மாலிக்யூலுக்குள்ள ஆக்ஸிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவுல ஒரு ஆங்ஸ்ட்ரம் (மீட்டர்ல ஆயிரம் கோடியில ஒரு பங்கு) கிட்ட தூரம், ஹைட்ரஜன்ல இருந்து பக்கத்து ஆக்ஸிஜனுக்கு சுமார் 1.8. பலத்துலயும் அதே மாதிரி வித்தியாசம், உள் பாண்ட உடைக்க மோலுக்கு 460 கிலோஜூல் பக்கம் வேணும்னா ஹைட்ரஜன் பாண்டுக்கு 20 கிட்ட போதும். ரூம் டெம்பரேச்சர்ல சும்மா கிடைக்கற வெப்ப ஆட்டமே 2.5 கிலோஜூல் இருக்கறதால இந்த பாண்ட் நிலையா நிக்கறது இல்ல, ஒரு பிகோசெகண்ட் அளவுல உடைஞ்சு வேற ஆளோட சேர்ந்துக்கும். பிகோசெகண்ட்னா ஒரு செகண்டை லட்சம் கோடியா பிரிச்சா அதுல ஒரு பங்கு.

1920-லயே லாட்டிமர், ரோடபுஷ்னு ரெண்டு அமெரிக்க கெமிஸ்டுங்க இத பத்தி எழுதிட்டாங்க, ஆனா எத ஹைட்ரஜன் பாண்ட்னு சொல்லலாம் எத சொல்லக்கூடாதுங்கற சண்டை ரொம்ப காலம் ஓடுச்சு. உலக வேதியியல் அமைப்பான ஐயுபாக் 2011-ல புது வரையறை வெளியிட்டப்போ அந்த குழுவுக்கு தலைமை தாங்குனவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தோட பேராசிரியர் அருணன். இத உங்க மாணவர் பக்கத்துல தனியா ஒரு கட்டுரையாவே போடலாம், ஏன் யாரும் போடலைன்னு தெரியல.

விஷயத்துக்கு வரேன். ஒரு தண்ணி மாலிக்யூல் ரெண்டு ஹைட்ரஜன கொடுக்கும், ரெண்டு ஹைட்ரஜன வாங்கும், ஆக நாலு பாண்ட், நாலும் நாலு மூலைய பாத்து நிக்கும். ஐஸ்ல இது கச்சிதமா இருக்கும். திரவமான தண்ணியில நாலு முழுசா இல்லைன்னாலும் சராசரியா மூணரை கிட்ட இருக்கும்னு சொல்றாங்க. முக்கியமா கவனிக்க வேண்டியது, பக்கத்துல நிக்கற ஆளுங்க எண்ணிக்கை. உருண்டைங்கள நெருக்கி அடுக்குனா ஒன்ன சுத்தி 12 நிக்கலாம். தண்ணியில நாலரை கிட்ட தான் நிக்குது. அவ்வளவு காலி இடத்த விட்டுட்டு, அந்த நாலு மூலை கணக்குக்காக தண்ணி விரிஞ்சு நிக்குது. எத்தனாலும் மெத்தனாலும் (அதுவும் ஒரு ஆல்கஹால் தான்) வேற ரகம், கொடுக்கறதுக்கு ஒரே ஒரு ஹைட்ரஜன் தான், இன்னொரு பக்கம் தண்ணிய விரும்பாத கார்பன் வால். அதனால அவங்களுக்கு வலை கட்ட வராது, சங்கிலியும் வளையமும் தான் கட்ட வரும்.

இப்போ இந்த ரெண்டு பேரையும் ஒரே பாத்திரத்துல விட்டா என்ன ஆகும்னு தான் நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆளுங்க மண்டைய உடைச்சிட்டு இருக்காங்க. மெண்டலீவ் டாக்டர் பட்டத்துக்கு எழுதுன ஆய்வே ஆல்கஹாலும் தண்ணியும் சேர்றத பத்தி தான், 1865-ல. எடையில 46 சதவீதம் ஆல்கஹால் பக்கத்துல சுருக்கம் உச்சத்துக்கு போகுது, அது ஒரு எத்தனாலுக்கு மூணு தண்ணிங்கற கணக்குக்கு சரியா வருது, அதனால இது ஒரு நிஜமான கூட்டுப்பொருள் போலன்னு அவர் நினைச்சார். இன்னைக்கு அப்படி யாரும் சொல்றது இல்ல, ஆனா அவர் அளந்து கொடுத்த அடர்த்தி கணக்கு நின்னுச்சு. நோபல் கிடைக்காட்டி என்ன, பீரியாடிக் டேபிள் போட்ட மனுஷன் முதல்ல மண்டைய விட்டது இந்த கலவையில தான்னு பசங்களுக்கு சொன்னா கொஞ்சம் ஆர்வம் வரும்.

அடுத்த பெரிய குழப்பம் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கு எவ்வளவு குலைஞ்சிருக்குங்கற அளவு. ரெண்டு திரவம் கலந்தா ஒழுங்கு குலையணும், என்ட்ரோபி கூடணும். எவ்வளவு கூடும்னு, எல்லாம் கண்டபடி கலந்துடுச்சுன்னு வச்சுக்கிட்டு கணக்கு போடலாம். தண்ணியும் ஆல்கஹாலும் கலந்தா அந்த கணக்குல வர்றத விட ரொம்ப கம்மியா தான் கூடுது. எங்கயோ ஒழுங்கு ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். 1945-ல ஹென்றி ஃபிராங்க்கும் மார்ஜரி இவான்ஸும் ஒரு விளக்கம் கொடுத்தாங்க: தண்ணிய விரும்பாத கார்பன் வால சுத்தி தண்ணி மாலிக்யூல் எல்லாம் ஐஸ் மாதிரி கட்டுக்கோப்பா அடுக்கி நிக்குது, குட்டி குட்டி பனிப்பாறை உண்டாகுதுன்னு. கேக்க அழகா இருந்துச்சு, கணக்கும் ஒத்து வந்துச்சு, பாடப்புத்தகத்துல எல்லாம் ஏறிடுச்சு. ஒரே குறை, அந்த பனிப்பாறைய யாரும் கண்ணால பார்த்தது இல்ல. வெப்ப அளவ வச்சு ஊகிச்சது தான்.

பாக்கறதுக்கு நியூட்ரான் வேண்டி இருந்துச்சு. எக்ஸ்ரே எலக்ட்ரான பார்த்து தான் சிதறும், ஹைட்ரஜன் கிட்ட இருக்கறதே ஒரு எலக்ட்ரான், அதனால எக்ஸ்ரேக்கு ஹைட்ரஜன் கண்ணுலயே படாது. நியூட்ரான் அணுக்கருவ பார்த்து சிதறும், ஹைட்ரஜன் நல்லா தெரியும். இன்னொரு சௌகரியம் என்னன்னா சாதா ஹைட்ரஜனும் அதோட கனமான சொந்தக்காரன் டியூட்டீரியமும் கெமிஸ்ட்ரியில கிட்டத்தட்ட ஒன்னு, ஆனா நியூட்ரானுக்கு ரெண்டும் முழுக்க வேற, சிதறல் எண் ஒன்னுக்கு மைனஸ் 3.74, இன்னொன்னுக்கு பிளஸ் 6.67, குறியே மாறிடுது. அதனால ஒரே கலவைய பல தடவ தயார் பண்றாங்க, ஒரு தடவ தண்ணியில மட்டும் டியூட்டீரியம், ஒரு தடவ மெத்தனாலோட வால்ல மட்டும், ஒரு தடவ அதோட ஓஹெச்ல (ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பகுதி) மட்டும், இப்படி மாத்தி மாத்தி அளந்து, ஒன்னுல இருந்து ஒன்ன கழிச்சு, யாருக்கும் யாருக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பிரிச்சு எடுத்துடறாங்க. அப்புறம் அந்த அளவு எல்லாத்துக்கும் ஒத்து வர்ற மாதிரி கம்ப்யூட்டர்ல ஒரு பெட்டி மாலிக்யூல அடுக்கி பாக்கறாங்க.

ஜான் ஃபின்னி, ஆலன் சோப்பர் இவங்க எல்லாம் இருந்த ஒரு பிரிட்டிஷ் குழு இப்படி மெத்தனாலும் தண்ணியும் கலந்த கலவைய பார்த்து 2002-ல நேச்சர் இதழ்ல எழுதுனாங்க. பத்துல ஏழு மாலிக்யூல் மெத்தனால், மூணு தண்ணி. இவ்வளவு ஆல்கஹால் நடுவுல தண்ணி தனித்தனியா சிதறி கிடக்கும்னு தான் யாரும் நினைப்பாங்க. ஆனா பெரும்பாலான தண்ணி மாலிக்யூல் ஒன்னோட ஒன்னு ஹைட்ரஜன் பாண்ட் போட்டுக்கிட்டு சின்ன சின்ன சரமாவும் கொத்தாவும் இருந்துச்சு. மெத்தனாலோட மெத்தில் வால் (அதோட கார்பன் பகுதி) எல்லாம் தங்களுக்குள்ள நெருக்கமா அடுக்கிக்கிட்டு நிக்குது, அதுக்கு நடுவுல இந்த தண்ணி கொத்து, மெத்தனாலோட ஓஹெச் ரெண்ட பாலம் மாதிரி இணைச்சுக்கிட்டு. தண்ணி தன்னோட பழைய நாலு மூலை அமைப்போட மிச்சத்த விடாம வச்சிருக்கு.

யோசிச்சு பாருங்க, கண்ணுக்கு கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கற, எந்த விகிதத்துல ஊத்தினாலும் பிரியாத ஒரு கலவை, மாலிக்யூல் அளவுல பார்த்தா சரியா கலக்கவே இல்ல. இவங்க சொன்னது இது தான், என்ட்ரோபி குறைச்சலா இருக்கறதுக்கு பனிப்பாறை தேவை இல்ல, கண்டபடி கலந்துடுச்சுன்னு வச்சு போட்ட கணக்கு தான் தப்பு, ஏன்னா அது கண்டபடி கலக்கல. அடுத்த வருஷமே, 2003-ல, எக்ஸ்ரே எமிஷன் வச்சு பார்த்த இன்னொரு குழு சுத்த மெத்தனால்ல ஆறு மாலிக்யூல், எட்டு மாலிக்யூல் சேர்ந்த சங்கிலியும் வளையமும் இருக்கு, தண்ணி ஊத்துனா தண்ணி கொத்து வந்து அந்த சங்கிலியோட சேர்ந்து திறந்த வளையம் மாதிரி ஆகுதுன்னு எழுதுனாங்க. கருவி வேற, ஆளு வேற, ஆனா ரெண்டு பேரும் ஒரே பக்கம் கைய காட்டுனாங்க.

இதோட பனிப்பாறை கதை செத்துப் போச்சான்னா அதுவும் முழுசா இல்ல, இங்க தான் நான் நியாயமா இருக்கணும். 2007-ல ஆம்ஸ்டர்டாம்ல ரெசுஸ், பேக்கர்னு ரெண்டு பேர் ஃபெம்டோசெகண்ட் லேசர் (பிகோசெகண்டை விடவும் குட்டி நேரத்துக்கு மின்னற லேசர்) வச்சு தண்ணியோட ஓஹெச் எவ்வளவு வேகமா திரும்புதுன்னு பார்த்தாங்க. சாதா தண்ணி ரெண்டரை பிகோசெகண்ட்ல திரும்பிடுது. ஆனா மெத்தில் மாதிரி தண்ணிய விரும்பாத பகுதிய ஒட்டி இருக்கற கொஞ்சம் ஓஹெச், ஒரு மெத்திலுக்கு நாலு கணக்குல, பத்து பிகோசெகண்டுக்கு மேல அசையாம நிக்குது. அதாவது அமைப்புல ஐஸ் இல்ல, ஆனா ஆட்டத்துல மந்தம் இருக்கு. ஐஸ்னு சொன்னவங்களுக்கு பாதி மார்க் கொடுக்கலாம்னு என் அபிப்ராயம்.

பிசுபிசுப்பு இன்னொரு சாட்சி. எத்தனாலும் லேசு, தண்ணியும் லேசு. கலந்தா ரெண்டுல எத எடுத்தாலும் அத விட ரெண்டு மடங்குக்கும் மேல கலவை கனமா ஓடுது, உச்சம் வர்றது ஏறக்குறைய அந்த மெண்டலீவ் சுருக்கம் உச்சத்துக்கு போற இடத்துக்கு பக்கத்துல. லேப்ல எச்பிஎல்சி (கலவைய பம்ப் வச்சு ஓட்டி, அதுல இருக்கறத பிரிச்சு அளக்கற கருவி) ஓட்டறவங்களுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். மெத்தனால் தண்ணி கலவைய பாதிக்கு பாதி கொண்டு வரும்போது பம்ப் பிரஷர் எகிறும், அசிட்டோநைட்ரைல்ங்கற இன்னொரு சால்வென்ட் போட்டா அப்படி எகிறாது. அதே ஆளுங்களுக்கு இன்னொன்னும் தெரியும், 500 மில்லி மெத்தனால தனி சிலிண்டர்ல அளந்து, 500 மில்லி தண்ணிய தனி சிலிண்டர்ல அளந்து சேர்த்தா ஒரு கலவை. ஒரு லிட்டர் பிளாஸ்க்ல 500 மெத்தனால ஊத்தி மீதிய தண்ணியால கோடு வரைக்கும் நிரப்புனா வேற கலவை, ஏன்னா சுருங்குன அளவுக்கு ரெண்டாவதுல தண்ணி கூட போயிடும். பேப்பர்ல ரெண்டும் 50க்கு 50 தான். மருந்தோட பீக் (கருவி வரையற கோட்டுல மருந்து காட்டற முகடு) இடம் மாறிடுச்சு, மெஷின் கோளாறுன்னு நாள் முழுக்க மண்டைய பிச்சுக்கிட்ட ஜூனியர் பசங்கள நான் பார்த்திருக்கேன், கடைசியில பார்த்தா ஒருத்தன் ஒரு விதமா கலக்கி இருப்பான், ஷிஃப்ட் மாறி வந்தவன் இன்னொரு விதமா கலக்கி இருப்பான். கலந்ததும் குமிழி குமிழியா காத்து வர்றதும் இதே குடும்பம் தான், தனித்தனியா இருந்தப்போ கரைஞ்சிருந்த காத்த கலவையால அவ்வளவு பிடிச்சு வைக்க முடியல.

இன்னொரு விஷயம், ஆர்கானிக் சால்வென்ட்னு எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்ட முடியாது. அசிட்டோநைட்ரைலும் தண்ணியும் கலந்தா பாட்டில் சில்லுன்னு ஆகும், சூடாகாது. அதுக்கு கொடுக்க ஹைட்ரஜன் இல்ல, வாங்கறதுலயும் சுமாரான ஆளு, தண்ணியோட வலைய பிரிக்க செலவான எனர்ஜிய அதால திருப்பி கொடுக்க முடியல, அதனால சுத்தி இருக்கற சூட்ட உறிஞ்சுக்குது. தண்ணி ஒரு பக்கம் கொத்து கொத்தா, அசிட்டோநைட்ரைல் ஒரு பக்கம் கொத்து கொத்தா நிக்கும், ஜீரோ டிகிரிக்கு கொஞ்சம் கீழ கொண்டு போனா சில விகிதத்துல நிஜமாவே ரெண்டு அடுக்கா பிரிஞ்சு நிக்க ஆரம்பிச்சிடும்.

டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடுங்கற சால்வென்ட்) நேர் எதிர். அதுக்கும் கொடுக்க ஹைட்ரஜன் இல்ல தான், ஆனா அதோட சல்ஃபர் மேல உட்கார்ந்திருக்கற ஆக்ஸிஜன் ரொம்ப நெகட்டிவ், ரெண்டு தண்ணிய இறுக்கமா பிடிச்சுக்கும், தண்ணி தண்ணியோட போடற பாண்ட விட இது பலமானது. கலக்கும்போது நல்லா சூடாகும். சுத்த டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியிலயே உறையும், தண்ணி ஜீரோவுல உறையும், ரெண்டையும் சரியான விகிதத்துல கலந்தா மைனஸ் 60-க்கும் கீழ போனாலும் திரவமாவே நிக்கும். தண்ணி ஐஸ் ஆகணும்னா நாலு மூலையும் தண்ணியா கிடைக்கணும், டிஎம்எஸ்ஓ குறுக்க புகுந்து ரெண்டு மூலைய பிடிச்சு வச்சிருந்தா எப்படி ஐஸ் ஆகும்? உயிரணுவ உறைய வச்சு சேமிக்கறதுக்கு இத பயன்படுத்தலாம்னு 1959-ல காட்டுனவங்கள்ல ஒருத்தர் ஜேம்ஸ் லவ்லாக், பின்னாடி பூமியே ஒரு உயிர் மாதிரின்னு காயா கோட்பாடு சொல்லி பேர் வாங்குனவரு அவரே தான். ஸ்டெம் செல் சேமிக்கற இடங்கள்ல இன்னைக்கும் பத்து சதவீதம் டிஎம்எஸ்ஓ சேர்க்கறது தான் வழக்கம்.

நைட்ரஜன் உள்ள டிரைஎத்தில் அமீன்ங்கற திரவம் இன்னும் குறும்புக்காரன். 18 டிகிரிக்கு கீழ தண்ணியோட எந்த விகிதத்துலயும் கலக்கும், அதுக்கு மேல சூடாக்குனா ரெண்டு அடுக்கா பிரிஞ்சிடும். சூடாக்குனா நல்லா கரையும்னு தானே படிச்சிருக்கோம், இங்க தலைகீழ். குளிர்ல நைட்ரஜனுக்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்கற ஹைட்ரஜன் பாண்ட் தான் ரெண்டையும் சேர்த்து வச்சிருக்கு, சூட்டுல அது தாக்குப்பிடிக்கல. நிக்கோட்டின் இதுக்கும் மேல, 61 டிகிரிக்கு கீழ கலக்கும், 61-ல இருந்து 210 வரைக்கும் சில விகிதத்துல பிரியும், அழுத்தம் கொடுத்து 210-ஐயும் தாண்டி கொண்டு போனா திரும்ப கலந்துடும். வடிவமும் ஆட்டத்த மாத்தும், நாலு கார்பன் நேரா நிக்கற பியூட்டனால் 100 பங்கு தண்ணியில ஏழெட்டு பங்கு தான் கரையும், அதே நாலு கார்பன் உருண்டு திரண்டு நிக்கற டெர்ட் பியூட்டனால் முழுசா கலக்கும். ரெண்டுக்கும் ஃபார்முலா ஒன்னு, எடை ஒன்னு. இதுக்கெல்லாம் கூழாங்கல்ல வச்சு ஒரு பதில் சொல்லுங்க பாப்போம்.

எத்தனால எவ்வளவு தான் காய்ச்சி வடிச்சாலும் எடையில 95.6 சதவீதத்த தாண்ட முடியாம நிக்குதே, அதுவும் இந்த வீட்டு கதை தான். அந்த விகிதத்துல கலவை 78.2 டிகிரியில, சுத்த எத்தனால விட ஒரு பொட்டு முன்னாடியே கொதிக்குது, ஆவியிலயும் அதே விகிதம், அதனால பிரியாது. கலக்கும்போது சூடு விட்டாலும், தண்ணியும் ஆல்கஹாலும் மொத்த கணக்குல ஒன்ன ஒன்னு கொஞ்சம் வேண்டா வெறுப்பா தான் வச்சிருக்குங்கறதுக்கு இது சாட்சி, தனித்தனியா கொத்து கட்டறவங்க கிட்ட வேற என்ன எதிர்பாக்க முடியும். மிச்ச தண்ணிய எடுக்க மூணு ஆங்ஸ்ட்ரம் ஓட்டை உள்ள மாலிக்யூலர் சீவ் (மாலிக்யூல சலிக்கற சல்லடை மாதிரி ஒரு திடப்பொருள்) போடுவாங்க, தண்ணி உள்ள போகும், எத்தனால் போகாது. பார்த்தீங்களா, சைஸ் கணக்கு வேலை செய்யற இடமும் இருக்கு, அது திடப்பொருளோட ஓட்டையில, திரவத்துக்குள்ள இல்ல.

சானிடைசர் பத்தியும் ஒரு வரி, ஏன்னா அதே பக்கத்துல இன்னொரு பையன் சுத்த ஆல்கஹால் ஏன் போடறது இல்லைன்னு கேட்டிருந்தான். உலக சுகாதார அமைப்போட ஃபார்முலாவே 80 சதவீதம் எத்தனால் இல்லைன்னா 75 சதவீதம் ஐசோபிரப்பைல் ஆல்கஹால், மீதியில பெரும்பகுதி தண்ணி. கிருமியோட புரோட்டீன் அவிழணும்னா தண்ணியும் கூட இருக்கணும், தண்ணி இல்லாத ஆல்கஹால் அந்த வேலைய ஒழுங்கா முடிக்காது, சீக்கிரம் ஆவியாகியும் போயிடும். நீங்க போட்ட பதில்ல சிக்கனத்துக்காக தண்ணி கலக்கறாங்கன்னு இருந்துச்சு, அத திருத்தி போட்டா நல்லது.

அந்த பொண்ணுக்கு நான் பதில் எழுதி இருந்தா இப்படி எழுதி இருப்பேன்: அம்மா, எதுவும் காணாம போகல, தராசுல வச்சு பாரு, கலக்கறதுக்கு முன்னாடி 89 கிராம், கலந்த பின்னாடியும் 89 கிராம். தண்ணி தன்னோட ஹைட்ரஜன் பாண்டுக்காக நிறைய காலி இடம் விட்டு விரிஞ்சு நின்னுச்சு, ஆல்கஹால் உள்ள வந்ததும் அந்த வலை அங்கங்க அறுந்து சின்ன கொத்தா ஆகிடுச்சு, ஆல்கஹாலோட வால் எல்லாம் தங்களுக்குள்ள நெருங்கி நின்னுச்சு, புது பாண்ட் உண்டானதுல சூடும் வந்துச்சு, இப்படி எல்லாம் சேர்ந்து முன்ன விட நெருக்கமான அடுக்கு ஆனதால அளவு குறைஞ்சுச்சு. இதுல கஷ்டமான வார்த்தை ஒன்னு கூட இல்ல, பத்தாவது படிக்கற பொண்ணுக்கு புரியும். மாணவர் பக்கத்துல இத போட உங்களுக்கு ஆறு வரி கூட ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் கெமிஸ்ட் ஒருத்தர்

பின்குறிப்பு: இத செஞ்சு பாக்கணும்னு ஆசைப்படற பசங்க மெத்தனால் பக்கமே போக வேண்டாம், அது விஷம். ஐசோபிரப்பைல் ஆல்கஹால் போதும், அதுலயும் அளவு குறையறது தெரியும், நெருப்பு பக்கத்துல இல்லாம, பெரியவங்க யாராவது கூட இருக்கும்போது செய்யட்டும். 70 சதவீதம்னு போட்ட பாட்டில் வேண்டாம், அதுல ஏற்கனவே தண்ணி கலந்து சுருங்க வேண்டியது பெரும்பாலும் சுருங்கி இருக்கும், 99 சதவீதம்னு போட்டது வேணும். அளக்கறதுக்கு பீக்கர் வேண்டாம், அதுல இருக்கற கோட்ட நம்ப முடியாது, ஒடுக்கமான சிலிண்டர்ல அளங்க, கலந்ததும் உடனே பாக்காம சூடு ஆறுன அப்புறம் பாருங்க, இல்லைன்னா சூட்டுல விரிஞ்ச அளவும் சேர்ந்து கணக்கு குழம்பிடும்.